பெரிய மீன், சின்ன மீன்

"பெரிய மீன் சின்ன மீனை முழுங்குது. நம்ம சமுதாயத்தை இதைவிடச் சுருக்கமா யார் சொல்ல முடியும்?" என்றார் சபாபதி. அண்ணாமலை நகரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு மெட்ராஸிலிருந்து நடுவராக வந்திருந்தவர் அவர்.

படத்தில் ஒரு சுறா, அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன மீன். மேலே கண்ணும் மூக்கும் வைத்த சூரியன். பக்கத்தில் ஒரு குடை, ஒரு சீப்பு, கோணலாக ஒரு வீடு. ஐந்து வயதுப் பிள்ளை கரித்துண்டால் சுவரில் கிறுக்கியது போல இருந்தது.

"உள்ளே இருக்கிற மீன் சிரிக்குது பாருங்க. அங்கதான் கிண்டலே இருக்கு. இப்படிக் குழந்தை மாதிரி வரையறது லேசுப்பட்ட காரியம் இல்லை."

கூட்டம் தலையாட்டியது. படத்தை மாட்டிய காசிநாதனும் சேர்ந்து ஆட்டினான். அதில் இவ்வளவு விஷயம் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

முதல் பரிசு அவனுக்குத்தான் என்று அறிவித்தார்கள். ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம் ஒட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் படம் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டான். கடலோரத் தேவனாம்பட்டினத்தில் தாய் வீட்டில் இருக்கும் மனைவி அமராவதியோ, கூட்டிப்போக வரட்டுமா என்று மூன்று கார்டு போட்டும் வாய் திறக்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி குப்பன் கருவாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். கலை ரசிகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாராளமாக வழிவிட்டார்கள்.

"அக்கா வர மாட்டேங்குது மாமா. எல்லாம் நீ எழுதுன கார்டால வந்தது."

"நான் என்னடா தப்பா எழுதிட்டேன்?"

"அதுக்கு எழுதத் தெரியாது. ஆள் வெச்சு எழுத வெக்கப்பட்டுக்கிட்டு, சங்கதிய படமாப் போட்டு அனுப்பிச்சிது. நீ என்ன பதில் போட்ட? 'ரொம்ப ஜோர், இதே மாதிரி இன்னும் நாலு அனுப்பு'ன்னு எழுதுன. நாந்தான் படிச்சுக் காட்டுனேன். அன்னிக்கு அழுவ ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல."

சபாபதி காதில் விழாதபடி காசிநாதன் அவனை ஓரமாக இழுத்துப்போனான்.

"படம் நல்லா இருந்திச்சுடா, அதான் அப்படி எழுதுனேன். அதையே பெருசா வரஞ்சு அங்க மாட்டியிருக்கேன், நீயே பாரு. பெரிய மீன் சின்ன மீன முழுங்குது. அதுல என்ன சங்கதி?"

குப்பன் படத்துக்கு எதிரில் போய் நின்றான். சூரியனையும் குடையையும் விட்டுவிட்டுச் சுறாவையே பார்த்தான். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அது முழுங்கல மாமா, மாசமா இருக்குது."