நாலு விரல் இடைவெளி

"இனிமே ஒரு நூல் கூட நகராது சார். நிலையைக் கழட்டினாத்தான் உண்டு" என்றார் சுமை தூக்க வந்த இருவரில் மூத்தவர், ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கமிருந்து.

சமையலறைக்கு ஒரே வாசல். அதில் புது ஃப்ரிட்ஜ் குறுக்கே சிக்கிக்கொண்டு நின்றது. உள்ளே, கையில் சாக்பீஸோடு அவன்.

பின்சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டால்தான் சூடு வெளியேறும், இல்லாவிட்டால் மோட்டார் ஓடி ஓடிக் கரண்டைக் குடிக்கும் என்று தரையில் கோடு போட உள்ளே வந்தவன். "நீங்க போய்க் கோடு போடுங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி" என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள். வருஷத்துக்கு எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டவன், வாசலை அளக்க மறந்துவிட்டான்.

"பெட்டியில கீறல் விழாம பாத்துக்கங்க!" என்று கத்தினான். யாரும் காதில் வாங்கவில்லை.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?" என்று மூத்தவர் கேட்பதும், "அரை மணி நேரம்ணே" என்று அவள் சொல்வதும் கேட்டது. நிலையைக் கழற்றத் தச்சர் வர எவ்வளவு நேரமாகும் என்று இவளுக்கென்ன தெரியும்? எரிச்சலாக வந்தது. தெருக்கதவு சாத்தப்பட்டது.

ஜன்னலில் கம்பி. கம்பிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். புகையை வெளியே தள்ளும் விசிறியை வீண் செலவென்று போன வருஷம் கழற்றி எறிந்தவனும் அவனேதான். சட்டை முதுகில் ஒட்டியது.

வெளியே நாற்காலி இழுபட்டது. ஃப்ரிட்ஜுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த சந்தில் அவளுடைய ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன.

"நாளைக்கு டிப்போவுல நான் பதில் சொல்லியாகணும்" என்றாள்.

அவன் கை தானாகவே ஸ்விட்சுக்குப் போனது.

நாலு மாதமாக இதே கதைதான். அவள் மின்சார பஸ் ஓட்டப் பயிற்சி முடித்துவிட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. பேச்சை எடுத்தால் போதும், "பேசுறதுக்கு எதுக்கு லைட்டு?" என்று எழுந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தபடி நின்றுவிடுவான். தெருவில் அவனுக்குப் பெயரே 'மெயின் ஸ்விட்ச்'.

இப்போதும் விளக்கை அணைத்தான். அணைத்துவிட்டு எங்கே போவது? நட்டநடுப் பகல், இருட்டக்கூட இல்லை. கண் அங்கேயே இருந்தது.

"அணைச்சாச்சா? மீட்டர் பாக்கணுமே, போங்களேன்."

"மாட்டிக்கிட்டு நிக்கிறவன்கிட்டயா இதெல்லாம் பேசுவாங்க?"

"ஓடுறவர்கிட்ட எப்படிப் பேசுறது?"

அவன் ஜன்னலைப் பார்த்தான், ஃப்ரிட்ஜைப் பார்த்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். அது மலை மாதிரி நின்றது.

"அவ்ளோ பெரிய வண்டி..." என்று இழுத்தான்.

"பிரேக் போட்டா பேட்டரி ஏறும், புகை கிடையாது, சத்தம் கிடையாதுன்னு தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்திப் பாடம் எடுத்தது யாரு? பஸ்ஸைப் பத்தி மணிக்கணக்கா பேசுவீங்க. ஓட்டப்போறவகிட்ட மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரும் அந்த பஸ்லதாங்க ஏறணும்."

அவன் தரையில் போட்ட கோட்டின் மேலேயே மறுபடி கோடு இழுத்தான்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. நான் சண்டை போட்டுட்டாவது போவேன். வாயே திறக்காத மனுஷனோட இருக்கறது வாசலில்லாத வீட்டுல இருக்கற மாதிரி. உங்களுக்கு அது இன்னிக்குத்தான். எனக்கு நாலு மாசம்."

சாக்பீஸ் உடைந்தது.

"பயமா இருக்கு" என்றான்.

"நான் எங்கயாவது இடிச்சிடுவேன்னா?"

"அதில்ல. விடியறதுக்கு முன்னாடியே நீ கிளம்பிட்டா பாப்பாவுக்கு யாரு தலை பின்னுறது? எனக்கு வராது. ஸ்கூல்ல புள்ளையப் பாத்துச் சிரிப்பாங்க."

கண் காணாமல் போனது. திரும்பி வந்தபோது, ஒற்றைக் கண்ணை வைத்து அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

"இதுக்கா நாலு மாசம் வீட்டை இருட்டாக்கினீங்க?"

அட்டைப்பெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை மூன்று பிரியாக முடிந்து சந்துக்குள் நுழைத்தாள். முடிச்சை அவள் பிடித்துக்கொண்டாள். "வலது பிரியை நடுவுல போடுங்க. இப்ப இடது. இறுக்கி. பேன் பாக்குற மாதிரி தடவாதீங்க."

வியர்வை கண்ணில் இறங்க இறங்க அவன் பின்னினான். இரண்டு முறை அவிழ்த்துப் போட்டாள். மூன்றாவதைச் சந்து வழியாக இழுத்துப் பார்த்தாள்.

"கோணல்தான். மதியம் வரைக்கும் தாங்கும்."

"சரி, போ" என்றான். "வர்றேன்னு நாளைக்கே சொல்லிடு. காலைல பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

"நெசமாத்தானா?"

"அதான் சொல்லிட்டேனே! தச்சர் வந்துட்டாரான்னு பாரு. நிலையை உடைச்சா அது வேற தண்டம்."

நாற்காலி நகர்ந்தது. தெருக்கதவு திறந்தது. வாசல்படியிலேயே யாரோ டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்:

"பேசி முடிச்சாச்சுண்ணே, இப்ப நேராத் திருப்பி உள்ள தள்ளுங்க!"