அடி அண்ணாமலை சாமி

"மனநலமா? உனக்கு இன்னாம்மா தலையெழுத்து? நல்ல ரேங்க் வாங்கி வச்சிருக்கே, ஸ்கின் டாக்டர் படிப்பைப் போடு. பைத்தியம் பாக்குற டாக்டரம்மான்னு ஊரே சொல்லும். அப்புறம் யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?"

மளிகைக் கடையில் உட்கார்ந்தபடியே மகளைப் பிடிபிடியென்று பிடித்தார் இருசப்பன்.

ஆர்த்தி எம்.பி.பி.எஸ். முடித்து, மேல்படிப்பு நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள். எந்தப் பிரிவு வேண்டும் என்று இன்று மதியத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். விட்டால் ஒரு வருஷம் போச்சு.

"ஹவுஸ் சர்ஜனா அந்த வார்டுல நின்னப்பவே முடிவு பண்ணிட்டேன்ப்பா. மூணு வருஷப் படிப்புதான்."

"முடிவு பண்ற பெரிய மனுஷி! வண்டியில ஏறு. சாமிகிட்ட திருநீறு வாங்கிட்டு வந்து எதுவா இருந்தாலும் பண்ணு."

சாமி என்றால் கோயில் சாமி இல்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் காவி கட்டி உட்கார்ந்திருப்பவர். மழையோ வெயிலோ, காலையில் நாலு இட்லி கட்டிக்கொண்டு அப்பா அங்கே போகாத நாளில்லை. யாரையும் கூட்டிப்போனதும் இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆர்த்திக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி பம்பாய் போனவர், இருபது வருஷமாக என்ன ஆனார் என்றே தெரியாது. அவரைத் தேட இந்த மனுஷர் ஒரு நாள் கிளம்பினதில்லை. எவரோ ஒரு சாமியாருக்கு மட்டும் தினம் சேவகம்.

அவர்கள் போனபோது இரண்டு பெண்கள் சாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி அவர்களைப் பார்க்கவே இல்லை. எதிரில் இல்லாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கினார். அப்பா பக்கத்தில் குந்தி, இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார்.

திருநீறு கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"கோச்சுக்காதப்பா. இவரு சாமி இல்ல. யாரோ திட்டுற மாதிரி இவருக்குக் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. இது வியாதி. அப்பவே வைத்தியம் பாத்திருந்தா இப்படி ரோட்டுல கிடந்திருக்க வேணாம்."

இருசப்பனின் கை அப்படியே நின்றது.

"இப்பப் பாத்தா?"

"முழுசா சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். பயம் கம்மியாகும். தூங்குவாரு. நம்மகிட்ட நாலு வார்த்தை பேசுவாரு."

"வருஷம் ரொம்ப ஜாஸ்தியா ஆயிடுச்சேம்மா."

"ஆனா என்னப்பா? பாக்கலாம்."

அவர் துண்டு நுனியால் சாமியின் வாயைத் துடைத்துவிட்டார். தாடியில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"போனை எடு. அந்த மனநலத்தையே முதல்ல போடு."

"ஊரு பேசும்னு சொன்னியேப்பா?"

"பேசட்டும்."

அப்பா அழுது ஆர்த்தி பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"யாருப்பா இவரு?"

"உங்க சித்தப்பாதாம்மா. பம்பாய் போனான்னு சொன்னது பொய். பைத்தியம்னா கல்லால அடிச்சாங்க, சாமின்னா கால்ல விழறாங்க. அதான் நானே காவி கட்டி உக்கார வச்சேன்."