சேராத மூலை

ஒரே ஒரு மூலைக் கட்டை. அதில்தான் வின்சன்ட்டின் சாயம் வெளுத்தது.

வவுனியாவுக்கு வேலைக்குப் போயிருந்தவன், லொறிக்காரர் அப்துல் ஸமத்திடம் ஒரு ரூபிக் கியூப்பைக் கலைத்துக் கொடுத்தனுப்பிவிட்டு, காதலி மார்ஜரிக்குப் போன் பண்ணினான். "ஆறு பக்கமும் நெறத்த சேத்துட்டு சொல்லு. அன்னைக்கே அம்மாவ கூட்டிக்கிட்டு வந்து பொண்ணு கேக்குறேன்."

லொறி ஒரு நாள் பிந்தித்தான் மாத்தளைக்கு வந்தது. "செக்பொயின்ட்ல சோத்துப் பார்சலயும் உடல்ல தங்கச்சி, கிண்டிப் பாத்துட்டுத்தான் உட்டாங்க" என்று அலுத்துக்கொண்டே, பழைய பேப்பரில் சுற்றிய கியூப்பை ஸமத் நானா நீட்டினார்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இதற்கா தோற்பது? மார்ஜரி மூச்சுவிடாமல் திருகினாள். எல்லாம் சேர்ந்தது. ஒரு மூலை மட்டும் திரும்பி நிறம் மாறி, முறைத்துக்கொண்டு நின்றது.

டவுனில் இருந்த நெட் கஃபேக்குப் படையெடுத்தாள். பாதிப் பக்கங்கள் 'இப்படித் திருகு, அப்படித் திருகு' என்று சமையல் குறிப்பு சொல்லின. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மீதிப் பக்கங்கள் எடுத்த எடுப்பிலேயே கம்பஸ் பட்டப்படிப்புக் கணக்கைத் தலையில் கொட்டின. பல சனிக்கிழமைகள் அலைந்த பிறகுதான், புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய பக்கம் அகப்பட்டது.

மூலை சரியாக நின்றால் பூச்சியம், வலப்பக்கம் திரும்பியிருந்தால் ஒன்று, இடப்பக்கம் என்றால் இரண்டு. எவ்வளவுதான் திருகினாலும் எட்டு மூலைகளின் கூட்டுத்தொகை மூன்றால் மீதியின்றி வகுபடும். ஆகவே ஒரு மூலை மட்டும் தனியாகத் திரும்பி நிற்கவே முடியாது. நின்றால், யாரோ கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சேரவே சேராததைக் கொடுத்துவிட்டு, சேர்த்தால் வருகிறேன் என்றானே பாவி! "சேந்துச்சா, சேந்துச்சா?" என்று அவன் போனில் சிரித்ததெல்லாம் இப்போது வேறு மாதிரிக் கேட்டது. விசாரித்தால் இன்னொரு பொய்தானே வரும் என்று அவள் விசாரிக்கவும் இல்லை.

அன்றோடு அவன் அழைப்பை எடுப்பதை விட்டாள். "என்னடி சண்டை?" என்று கேட்ட அம்மாவிடம், "அந்த வஹகோட்டை மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுங்கம்மா" என்றாள். மூன்று ஞாயிறும் மாதா கோயிலில், ஆட்சேபனை உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆட்சேபனை சொல்ல வேண்டியவன் வவுனியாவில் இருந்தான்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், நாலந்தா சந்தியில் ஸமத் நானாவின் லொறியைக் கைகாட்டி நிறுத்தினாள். பையிலிருந்த கியூப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத அவருகிட்டயே திருப்பிக் குடுத்துருங்க நானா. ஏமாத்துறதுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

ஸமத் நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்ததைப் புரட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுவா! அன்னைக்கு செக்பொயின்ட்ல ஆமிக்காரன் கழட்டிப் போட்டத, நான்தானே ஒரு மாதிரி பொருத்திக் கொண்டாந்தேன்!"