கடைசியாகப் பேசியது

"ஸ்கேன் பார்த்தாச்சு, ஸ்ட்ரோக்தான். கடைசியா எப்ப நல்லா பேசினாரு? நேரம் தெரியாம ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட முடியாதும்மா," என்றார் டாக்டர்.

வாய் கோணிக் கிடந்த கணவரை அவள் பார்த்தாள். "தெரியல. ரூம் கதவத் திறந்தா, வெளியில விழுந்து கிடந்தாரு."

"ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"நேத்துலேருந்து எங்களுக்குள்ள பேச்சே இல்ல, டாக்டர்."

டாக்டர் கையைப் பிசைந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீம்புக்குக் கேட்காமலே விட்டிருந்தாள். போனை எடுத்து அதைத் தட்டினாள்.

"கோவத்த விடும்மா. தப்பு என்மேலதான். கதவத் திறந்து ஒரு வார்த்தை பே… பே…"

அதற்கு மேல் குழறல்தான்.

அவள் போனில் மெசேஜ் வந்த மணியை டாக்டர் பார்த்தார். "ஒன்பதே காலுக்குப் பேசியிருக்காரு. இன்னும் நேரமிருக்கு. நர்ஸ், ஊசிய எடுங்க."

நகரும் ஸ்ட்ரெச்சரோடு ஓடியபடியே கணவர் காதருகே குனிந்தாள்.

"கதவத் திறந்துட்டேங்க. பேசுங்க."