தோற்றுப் பார்த்த செஸ் மென்பொருள்

ஒரு கம்ப்யூட்டருக்குள் செஸ் ஆடும் மென்பொருள் ஒன்று இருந்தது. பரிமளா ஒரே கிளிக்கில் இணையத்திலிருந்து ரெடிமேடாக இறக்கியது. அது இதுவரை யாரிடமும் தோற்றதில்லை.

ஒருநாள் பரிமளா வேறொரு செஸ் மென்பொருளின் மூல நிரலை இலவசமாக எடுத்துவந்து, தானே கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்க உட்கார்ந்தாள். பிழைச் செய்தி வரும்போதெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். காபி ஆறிப்போனது. பழைய மென்பொருளுக்கு வயிறு எரிந்தது.

"எனக்காக ஒரு நாளாச்சும் இப்படி உக்காந்திருக்காளா?" என்று உள்ளே சுற்றும் சின்ன ஃபேனிடம் கேட்டது.

"உன்கிட்டதான் ஒரு குறையும் இல்லையே," என்றது ஃபேன், மூச்சிரைக்க ஓடிக்கொண்டே.

ஒருவழியாகப் புதியது பிறந்தது. பரிமளா இரண்டையும் மோதவிட்டாள். கம்பைல் செய்தபோது அவள் அவசரத்தில் பழைய காலத்து பிராசசருக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்ததால் புதியது நொண்டியது. பழையது அதைத் துவைத்து எடுத்துவிட்டு, பெருமையோடு பரிமளாவின் முகத்தைப் பார்த்தது.

அவளோ, "தப்பு என்னோடதுதான்டா தங்கம்," என்று புதியதைக் கொஞ்சிவிட்டு, அமைப்பை மாற்றி மறுபடியும் கம்பைல் செய்யத் தொடங்கினாள்.

தோற்றால்தான் கொஞ்சுவாள் என்று பழையதற்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் தன் ராணியை வேண்டுமென்றே எதிரியின் குதிரை வெட்டும் கட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது. தோற்றுவிட்டு, ஆசையோடு காத்திருந்தது.

பரிமளா சந்தோஷமாகச் சோம்பல் முறித்தாள். "இனிமே இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்றாள்.

ஒரே கிளிக்கில் வந்தது, ஒரே கிளிக்கில் போய்ச் சேர்ந்தது.