வாசல் நம்மட வாசல்தான்

"நானா, மெயில்ல வந்த இணைப்ப நீங்க சொன்ன மாதிரி முகவரிட முன்பக்கத்தப் பார்த்துத்தான் அமத்தினன். நம்மட கம்பனிப் பேர்தான் இருந்திச்சி!" ஸுஹைனா விம்மினாள்.

வாவிக்கரை இறால் கம்பனியில் கணினிப் பகுதி இர்ஷாத்தின் பொறுப்பு; கூட வேலை செய்யும் ஸுஹைனாவுக்கு அவன் அண்ணன் முறையில் 'நானா'. 'முன்னால் கம்பனிப் பேர் இருந்தால் பயமில்லை' என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த மகாராசனும் அவனேதான். இப்போது அவளுடைய பாஸ்வேர்டை வைத்து எவனோ உள்ளே புகுந்து, வெளிநாட்டிலிருந்து வந்த இறால் ஓடர்களை எல்லாம் அழித்துவிட்டான். மானேஜர் பதியுதீன் அவளை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார். அவளுடையது வாப்பா பாரிசவாதத்தில் கிடக்கும் வீடு. அவள் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றது.

"அழாத தங்கச்சி. வா, மானேஜர் சேரோட கதைப்பம்."

பதியுதீன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கள்ளனுக்குச் சாவியக் குடுத்தவளுக்கு இஞ்ச என்ன வேல?"

"அவள்ல பிழையில்ல சேர். ஓட்டை நம்மட லொகின் பக்கத்துலதான்."

வாயால் சொன்னால் இந்த மனிசனுக்கு ஏறாது. இர்ஷாத் அவருடைய போனுக்கு ஒரு இணைப்பை அனுப்பினான். "இதால ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்க."

கம்பனிப் பேரைப் பார்த்துவிட்டு அவர் பாஸ்வேர்டை அடித்தார். 'பிழை, மீண்டும் அடிக்கவும்' என்றது. மீண்டும் அடித்தார். இர்ஷாத் தன் போனைத் திருப்பிக் காட்டினான். அவருடைய பாஸ்வேர்ட் அதில் கிடந்தது.

"முதல் பக்கம் நம்மடதான் சேர். முகவரிட வால்ல வேற இடத்த எழுதிவிட்டா, உள்ள போன கையோட நம்மட லொகினே ஆள அங்க தள்ளிவிடும். ரெண்டாவதாக் கேட்டது நான் செஞ்ச போலிப் பக்கம். இடையில ஆரு திரும்பவும் முகவரியப் பாக்கிற?"

பதியுதீனின் முகம் வெளுத்தது. "அல்லாஹ்வே! அப்ப இந்தப் புள்ளயில பிழையில்லதான்."

"இல்லவே இல்ல சேர்."

"இந்த வித்த இஞ்ச வேற ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான் சேர்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"நல்லம் தம்பி, இரி. புள்ள, நீ அழாத. உன்ட வேல எங்கயும் போகாது."

ஸுஹைனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இர்ஷாத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பதியுதீன் போனை எடுத்தார்.

"பொலிஸா? கள்ளன் பிடிபட்டுட்டான். ஓம், நம்மட ஆள்தான். இப்ப என்ட பாஸ்வேர்டயும் எடுத்துப்போட்டு முன்னால இருக்கான்." பிறகு திரும்பி, "நீயும் கண்ணால கண்டாய்தானே புள்ள? பொலிஸில சொல்லுவாய்தானே?" என்றார்.

இர்ஷாத்தின் பக்கம் திரும்பாமலே ஸுஹைனா சொன்னாள்: "ஓம் சேர்."