ஆணி வைத்த பூட்ஸ்

“மில்லு மொதலாளிக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க வக்கில்லையான்னு ஊரே சிரிக்குதுங்க, மாப்ளே!”

வெங்கடபதி சொன்னதைக் கேட்டு கிளப் வராந்தாவில் நாலைந்து பேர் நிஜமாகவே சிரித்தார்கள்.

லட்சுமணசாமியும் சிரித்தார். அவர் காலில் வெளுத்துப்போன கித்தான் ஜோடு. அடியில் வெறும் ரப்பர். மலையிலிருந்து வரும் பைக்காராக் கரண்டில் பகலும் இரவும் ஓடுகிற நூல் மில்லுக்குச் சொந்தக்காரர் அவர்.

“இதுக்கென்னங்க மச்சான்? நடக்குது, நிக்குது. கோல்ஃப் ஆட அது போதாதுங்களா?”

“இங்க பாருங்க.” வெங்கடபதி காலைத் தூக்கிக் காட்டினார். சீமையிலிருந்து வரவழைத்த பூட்ஸ். அடியில் பன்னிரண்டு இரும்பு ஆணி. “மண்ணை அப்படியே கவ்விக்கும். அடிக்கறப்ப ஒடம்பு திரும்பும், காலு திரும்பாது. போன வருசம் வரைக்கும் நீங்களும் இதைத்தானே போட்டீங்க? வித்துப்போட்டீங்களாக்கும்?”

“ஏர் ஓட்டறவன் ஆணி கட்டிட்டா ஓட்டறான்?”

“ஏர் ஓட்டறவனுக்கு ஆரும் கப்பு குடுக்கறதில்லீங்களே!”

மறுபடி சிரிப்பு.

அன்றைக்குத்தான் கப்புக்கான கடைசி ஆட்டம். மச்சானும் மாப்பிள்ளையும் மோதுகிறார்கள். லட்சுமணசாமிக்கு இது மூன்றாவது வருஷம். இரண்டு தடவை கைக்கெட்டியதைக் கோட்டை விட்டவர். “இந்த வாட்டியும் வெறுங்கையோட வந்தீங்கன்னா சோறு மில்லுலயே தின்னுக்குங்க” என்று மனைவி வெங்கடலட்சுமி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் வெங்கடபதியின் கூடப் பிறந்தவள்தான். அதற்காகத் தன் வீட்டு அலமாரிக்கு வரவேண்டிய கப்பை விட்டுக்கொடுப்பாளா?

விடிகாலையில் தூறல் போட்டிருந்தது. பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம்.

கடைசிக் குழி. லட்சுமணசாமியின் பந்து சரிவில், ஈரப்புல்லில் கிடந்தது. முப்பது கஜம் மேலே குழி. அதைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணல்தான். இந்த வறண்ட பூமியில் பொடிப்புல் பிழைக்காது. ஒவ்வொருவரும் அடிக்கும் முன்னால் அந்த மணலைச் சாக்கால் இழுத்துச் சமன் செய்ய பழனியாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். வெறுங்கால், குனிந்த முதுகு. ஆடுகிறவர்கள் காலடியிலேயே நாள் முழுக்க வேலை.

லட்சுமணசாமி சரிவில் நின்று பார்த்தார். வழுக்கியது. இன்னொரு மாதிரி நின்று பார்த்தார். அப்போதும் வழுக்கியது.

வெங்கடபதிக்கே பாவமாகிவிட்டது. “மாப்ளே, என்ர பழைய ஜோடி கார்ல கெடக்குது. உங்க காலுக்குச் சரியா இருக்கும். ஒரு அடி போட்டா கப்பு உங்களுக்கு. வீம்புல உட்டுப்போடாதீங்க.”

லட்சுமணசாமியின் கை ஜோட்டு நாடாவை அவிழ்க்கப் போனது. பாதி அவிழ்த்தும்விட்டார். நிமிர்ந்து மேலே பார்த்தார். பழனியாத்தாள் மணலில் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நாடாவைத் திரும்ப இறுக்கினார்.

“வேண்டாமுங்க மச்சான்.”

அடித்தார். பின்னங்கால் சறுக்கியது. பந்து குறுக்கே பறந்து வாய்க்காலில் விழுந்தது.

வெங்கடபதி இரண்டே அடியில் ஆட்டத்தை முடித்தார்.

கப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். “பூட்ஸ் வேணுமா வேண்டாமான்னு இனி ஒருத்தனும் கேக்கப்படாது. கஞ்சத்தனத்துக்குக் கெடச்ச கூலியைப் பாத்தீங்கல்ல?” என்றபடி சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிப் போட்டார். “ஏ பழனியாத்தா, இதைத் தொடச்சுக் குடு.”

அவள் சாக்கு நுனியால் துடைத்து நீட்டினாள். இடது கையால்.

வெங்கடபதிக்குச் சுருக்கென்றது. “பீச்சாங்கையிலயா நீட்டுவே? நாலு பேரு பாக்கக் கப்பு வாங்குனவனுக்கு இதுதான் மருவாதியா?”

“சோத்தாங்கை வெரலு ரெண்டு மடங்காதுங்க, சாமி. போன வருசக் கப்பு ஆட்டத்துல ஆணி பூட்ஸ்ல மிதிபட்டதுங்க.”

“உடுங்க மச்சான், போலாம்” என்று லட்சுமணசாமி அவசரமாக எழுந்தார்.

அந்த அவசரமே வெங்கடபதிக்குப் போதுமாக இருந்தது. தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“ஓகோ! அதுதான் சங்கதியா? மிதிச்சது நீங்களாக்கும்! அந்தப் பாவத்துக்குத்தான் இந்த ரப்பர் வேசமா?”

“அப்படியே வச்சுக்குங்க.” லட்சுமணசாமி அவர் கையைப் பிடித்து இழுத்தார். “வாங்க, உங்க தங்கச்சி காத்திட்டிருப்பா.”

பழனியாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஐயோ, அவரு இல்லீங்க சாமி! அவரு தன்ர துண்டைக் கிழிச்சு என்ர கையைக் கட்டிவுட்டவருங்க. அன்னைக்கே அந்த ஆணி பூட்ஸைக் கழட்டி எறிஞ்சவருங்க.”

“அப்ப மிதிச்சது ஆரு? பேரைச் சொல்லு. கமிட்டியில வச்சுக் கேக்கறேன்.”

அவள் தலைகுனிந்தாள்.

“கடைசிக் குழியிலீங்க. நான் கத்துனது உங்க காதுல உழுந்திருக்காதுங்க, எல்லாரும் கை தட்டிட்டிருந்தாங்க. அன்னைக்கும் நீங்கதானுங்க சாமி கெலிச்சீங்க.”